அரையாண்டு விடுமுறைக்கு ஒரே ஒரு காகித வேலை: நட்சத்திரமா, வாழ்த்து அட்டையா, நினைவு ஆல்பமா?

டிசம்பர் கடைசி வாரம் அரையாண்டுத் தேர்வு முடிந்து பிள்ளைகள் வீட்டில் இருப்பார்கள். கிறிஸ்துமஸ், புத்தாண்டு, பின்னாலேயே பொங்கல். ஸ்டேஷனரி கடைக்குப் போனால் கலர் சார்ட், கிளேஸ் பேப்பர், ஜிகினா, ஃபோம் ஷீட் என்று எல்லாவற்றிலும் கொஞ்சம் வாங்கத் தோன்றும். வீட்டுக்கு வந்து மூன்று வேலையை ஒன்றாகத் தொடங்கினால் ஜனவரியில் பள்ளி திறக்கும்போது மூன்றும் பாதியில் கிடக்கும். விடுமுறைக்கு ஒரே ஒரு காகித வேலை, அதையும் முழுசாக முடிப்பது என்று முன்கூட்டியே தீர்மானித்துவிட வேண்டும் என்பது என் கட்சி.

எந்த வேலை? நம் ஊரில் இந்தப் பருவத்துக்கு இயல்பாகப் பொருந்துபவை மூன்று. வாசலில் தொங்கும் காகித நட்சத்திரம், கையால் செய்த வாழ்த்து அட்டை, படமும் எழுத்தும் ஒட்டிச் சேர்த்த நினைவு ஆல்பம். ஸ்க்ராப்புக் என்று இப்போது பிள்ளைகள் சொல்வது இந்த மூன்றாவதைத்தான். மூன்றுக்கும் செலவில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆயுளில்தான் வித்தியாசம். நட்சத்திரம் ஒரு மாதம் இருக்கும். அட்டை வேறொருவர் கைக்குப் போய்விடும். ஆல்பம், சரியான தாளிலும் பசையிலும் செய்தால், செய்த பிள்ளையின் பிள்ளைகள் புரட்டும் அளவுக்கு நிற்கும். தவறான தாளிலும் பசையிலும் செய்தால் பத்துப் பதினைந்து வருடத்தில் படங்களையும் சேர்த்துக் கெடுத்துவிடும். என் ஓட்டு ஆல்பத்துக்கு. ஆனால் எல்லா வீட்டுக்கும் அதுவே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன்.

நட்சத்திரம்

ஐந்து முனை நட்சத்திரக் கூடு கட்டுவதற்கு மூங்கில் சிம்பு போதும். ஒரே நீளத்தில் பத்துச் சிம்பு, குட்டையாக ஐந்து. ஐந்தைந்தாகக் கட்டி இரண்டு தட்டை நட்சத்திரம் செய்து, இரண்டையும் முனைகளில் சேர்த்துக் கட்டி, உள்மூலைகளில் ஐந்து குட்டைச் சிம்புகளை முட்டுக் கொடுத்தால் நடுவில் வயிறு உப்பி நிற்கும். மேலே பட்டம் செய்யும் மெல்லிய தாள். நாகர்கோவில் பக்கமோ தூத்துக்குடிப் பக்கமோ வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதே இல்லை.

பதின்வயதுப் பிள்ளைக்கு இன்னும் கடினமான ஒன்று வேண்டுமானால் மொரேவியன் நட்சத்திரம் இருக்கிறது. ஜெர்மனியின் நீஸ்கி ஊரில், மொரேவியன் சபைப் பள்ளியில், 1830களில் வடிவக்கணிதப் பாடமாகப் பிறந்தது. 1897 முதல் ஹெர்ன்ஹூட் ஊரில் விற்பனைக்குச் செய்தார்கள், இன்றும் அங்கே செய்கிறார்கள். அடிப்பாகம் சதுரமான கூம்பு 17, அடிப்பாகம் முக்கோணமான கூம்பு 8, ஆக 25 முனைகள். மீதமிருக்கும் ஒரு முகம் விளக்கை உள்ளே விடவும் கட்டித் தொங்கவிடவும். கணக்கில் பிடிப்புள்ள பிள்ளையிடம் இதைக் கொடுத்துப் பாருங்கள், விடுமுறை முழுக்க வேறு எதையும் கேட்காது.

ஆனால் இரண்டு விஷயத்தை யோசித்துத்தான் இறங்க வேண்டும். டிசம்பர் நமக்கு வடகிழக்குப் பருவமழைக் காலம். திறந்த வாசலில் தொங்கும் பட்டத்தாள் ஒரு சாரலுக்கே சாயம் விட்டுத் தொய்ந்துவிடும். கூரை நீண்ட திண்ணையோ மூடிய பால்கனியோ இருந்தால்தான் இந்த உழைப்பு தங்கும். அடுத்தது விளக்கு. பழைய குண்டு பல்பு தாளைக் கருக்கும், தீயும் பிடிக்கலாம். எல்இடி பல்பு தவிர வேறு எதையும் காகித நட்சத்திரத்துக்குள் வைக்கக் கூடாது. அதிலும் தாள் பல்பைத் தொடக் கூடாது, ஒயர் இணைப்பு மழை படாத இடத்தில் இருக்க வேண்டும்.

வாழ்த்து அட்டை

அச்சிட்ட முதல் வணிகக் கிறிஸ்துமஸ் அட்டை 1843இல் லண்டனில் வந்தது. ஹென்றி கோல் என்பவர் ஓவியர் ஜான் கால்காட் ஹார்ஸ்லியை வரையச் சொல்லி ஆயிரம் பிரதி எடுத்து, ஒன்று ஒரு ஷில்லிங்குக்கு விற்றார். கடிதம் எழுதி மாளவில்லை, நேரம் மிச்சப்பட வேண்டும் என்பதே நோக்கம். நம் பக்கம் அந்த வழக்கம் பொங்கல் வாழ்த்தாக மாறியது. சிவகாசி அச்சகங்களிலிருந்து கரும்பும் மாடும் கோலமும், சாமி படமும், சினிமா நட்சத்திரமும் போட்ட அட்டைகள் ஊரெங்கும் வந்து, ஜனவரி முதல் வாரத்தில் தபால்காரர் பை நிரம்பி வழிந்த காலத்தை நாற்பது தாண்டிய யாரும் மறந்திருக்க முடியாது. இன்று வாட்ஸ்அப்பில் ஒரே படம் ஐம்பது பேரிடமிருந்து வருகிறது. அதனாலேயே, பெயர் எழுதிக் கையால் செய்து வரும் ஓர் அட்டைக்கு முன்பு இல்லாத மதிப்பு வந்திருக்கிறது.

அட்டைக்குத் தாள் தேர்வு சுலபம். ஐவரி என்னும் வழவழப்பான வெள்ளை அட்டையில் 200 முதல் 250 ஜிஎஸ்எம் போதும். ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் என்பதே ஜிஎஸ்எம். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 200 ஜிஎஸ்எம் ஏ4 தாள் ஒன்று பன்னிரண்டரை கிராம். அதைப் பாதியாக வெட்டி மடித்தால் தபால் அட்டை அளவுக்கு ஒரு வாழ்த்து, ஆறே கால் கிராம். உறையோடு சேர்த்துப் பத்து கிராம் சொச்சம். சாதாரணத் தபாலின் முதல் படியான 20 கிராமுக்குள் நிம்மதியாக அடங்கும். ஏ4 தாளை வெட்டாமல் மடித்து, மேலே ரிப்பனும் மணியும் ஒட்டினால் அந்த எல்லையைத் தாண்டிவிடும். தபாலில் முத்திரை விழும்போது மணி நசுங்கும் என்பது வேறு. அனுப்பும் அட்டை தட்டையாக இருக்கட்டும். பொத்தானும் மணியும் நேரில் கொடுப்பவற்றுக்கு.

மடிப்பு சுத்தமாக வர ஒரு வழி இருக்கிறது. ஆலைத் தாளில் இழைகள் ஒரே போக்கில் ஓடும். தாளை மடிக்காமல் லேசாக வளைத்துப் பார்த்தால் ஒரு பக்கம் எளிதாக வளையும், மறுபக்கம் எதிர்க்கும். எளிதாக வளையும் பக்கமே மடிப்பு விழ வேண்டும். மை தீர்ந்த ரீஃபிலை ஸ்கேல் வைத்து ஒரு கோடு அழுத்தி இழுத்துவிட்டு மடித்தால் விளிம்பு வெடிக்காது.

தாத்தா பாட்டி வேறு ஊரில் இருக்கும் வீட்டுக்கு நான் அட்டையைத்தான் சொல்வேன். கிறிஸ்துமஸுக்கு விடுமுறை தொடங்கிய பிறகு செய்து அனுப்ப நேரம் இருக்காது. பொங்கலுக்கு இருக்கிறது. டிசம்பர் கடைசியில் செய்து ஜனவரி முதல் வாரத்துக்குள் தபாலில் சேர்த்துவிட்டால் நிதானமாகப் போய்ச் சேரும். ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைக்கும் இதுவே ஏற்றது. ஒரு அட்டை ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும், சலிப்பு வராது.

ஆல்பம்: முதலில் பழையதைத் திறந்து பாருங்கள்

ஆல்பம் செய்ய நினைப்பவர்கள் கடைக்குப் போவதற்கு முன் வீட்டுப் பீரோவைத் திறக்க வேண்டும். பெரும்பாலான வீடுகளில் இரண்டு தலைமுறை ஆல்பம் இருக்கும். ஒன்று கறுப்புத் தாள் ஆல்பம். நான்கு மூலையிலும் சிறு காகித மூலை ஒட்டி அதில் செருகிய கறுப்பு வெள்ளைப் படங்கள், பக்கத்துக்குப் பக்கம் நடுவே சிலந்தி வலைக் கோலம் போட்ட மெல்லிய எண்ணெய்த் தாள், முதுகில் இரண்டு துளையிட்டுக் குஞ்சம் வைத்த கயிறு. இன்னொன்று எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் வந்த ஒட்டும் ஆல்பம். கெட்டி அட்டையில் கோடு கோடாகப் பசை, மேலே தூக்கி மூடும் பிளாஸ்டிக் தாள். பசை தடவ வேண்டாம், மூலை வாங்க வேண்டாம், படத்தை வைத்து மூடினால் போதும் என்று எல்லாரும் வாங்கினோம்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அறுபதுகளின் படம் மூலையிலிருந்து இன்றும் சுலபமாகக் கழன்று வரும். பின்பக்கம் எழுதிய தேதியைப் படிக்கலாம். தொண்ணூறுகளின் கலர் படமோ அட்டையோடு ஒன்றிப்போய், பசைக் கோடுகள் பழுப்பேறி, பிளாஸ்டிக் படத்தின் முகத்திலேயே ஒட்டிக் கிடக்கும். எடுக்கப் போனால் கிழியும். பிந்தி வந்தது முந்தியே கெட்டிருக்கிறது. இந்த ஒரு ஒப்பீடு சொல்லும் பாடத்தை எந்தக் கைவினை வகுப்பும் சொல்லித் தராது.

பசை தடவும் சிரமத்தைத் தவிர்க்கும் ஆசை புதிதல்ல. அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வைன் 1873இல் தானே ஒட்டும் ஸ்க்ராப்புக் ஒன்றுக்குக் காப்புரிமை வாங்கினார். தாளில் முன்பே தடவிய கோந்தை நனைத்து ஒட்டும் முறை அது. ஒட்டும் ஆல்பத்தின் கெடுதல் பசை முன்பே தடவியிருப்பதில் இல்லை. அந்தப் பசை காலப்போக்கில் வேதிமாற்றம் அடைவதிலும், மேல் மூடிய பிளாஸ்டிக் பெரும்பாலும் பிவிசியாக இருந்ததிலும்தான் கெடுதல். பிவிசி மெதுவாக ஆவிவிடும். திறந்ததும் மூக்கில் ஏறும் பிளாஸ்டிக் நெடி அதுதான்.

உங்கள் வீட்டில் அப்படி ஓர் ஆல்பம் இருந்தால் இந்த விடுமுறையின் முதல் வேலை அதிலுள்ள படங்களை மீட்பதாக இருக்கட்டும். முதலில் ஒவ்வொரு பக்கத்தையும் அப்படியே போனில் படம் எடுத்துவிடுங்கள். பிறகு மெழுகு பூசாத டென்டல் ஃப்ளாஸ் நூலைப் படத்துக்கும் அட்டைக்கும் நடுவே நுழைத்து, ரம்பம் இழுப்பதுபோல மெல்ல இழுத்தால் பல படங்கள் பத்திரமாக வரும். வராததைப் பிடுங்க வேண்டாம். அட்டையோடு சேர்த்து வெட்டி எடுத்துக்கொள்ளலாம்.

எந்தத் தாள்

இங்கேதான் பணம் செலவழிக்க வேண்டும். ஸ்டிக்கர், ரிப்பன், வெட்டுப் பூ எல்லாம் மலிவாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.

மரக்கூழில் லிக்னின் என்ற பொருள் இருக்கிறது. அதை முழுக்க நீக்காத தாள் வெளிச்சமும் காற்றும் பட்டுப் பழுக்கும். வெயிலில் கிடந்த செய்தித்தாள் இரண்டு மூன்று நாளில் மஞ்சளாவது இதனால்தான். அது போக, மை ஊறாமல் இருக்க அலுமினியம் சல்பேட்டும் ரோசின் என்ற மரப்பிசினும் சேர்த்துச் செய்யும் பழைய முறை தாளில் அமிலத்தை விட்டுவிடும். அமிலம் இழையைத் தின்று தாள் அப்பளமாக நொறுங்கும். அமிலம் இல்லாத, கால்சியம் கார்பனேட் கலந்த தாள் நீடிக்கும். நீண்ட ஆயுள் தாளுக்கான சர்வதேசத் தரம் ஐஎஸ்ஓ 9706. படத்தோடு சேர்த்து வைக்கும் தாளும் பசையும் படத்தைக் கெடுக்குமா என்று சோதிக்கும் தரம் ஐஎஸ்ஓ 18916. வெளிநாட்டு ஸ்க்ராப்புக் தாள் கட்டுகளில் ‘ஆசிட் ஃப்ரீ, லிக்னின் ஃப்ரீ’ என்று போட்டிருப்பார்கள். நம் கடைச் சார்ட்டில் அப்படி எதுவும் அச்சிட்டிருக்காது.

ஆகவே கடையில் கிடைப்பவற்றை இப்படி எடை போடுகிறேன்.

கலர் சார்ட் மலிவு, எல்லா ஊரிலும் கிடைக்கும், பெரிய தாள். ஆனால் சாயம் வெளுக்கும், ஈரம் பட்டால் பக்கத்துத் தாளில் ஏறும். பள்ளி ப்ராஜெக்ட்டுக்குச் சரி. படம் நேரடியாகப் படும் பக்கத்துக்கு வேண்டாம். கிளேஸ் பேப்பரும் க்ரேப் பேப்பரும் சாயம் விடுவதில் இதைவிட மோசம். அவற்றைப் படத்திலிருந்து தள்ளி, ஓர அலங்காரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

வெள்ளை ஐவரி அட்டை நல்ல நடுவழி. வழவழப்பு, எழுத ஏற்றது, விலையும் கட்டுப்படியாகும். டூப்ளெக்ஸ் அட்டையை ஐவரி என்று கொடுத்துவிடுவார்கள், திருப்பிப் பார்த்து வாங்குங்கள். டூப்ளெக்ஸின் ஒரு முகம் வெள்ளை, பின்புறம் சாம்பல். அந்தச் சாம்பல் பழைய கழிவுத் தாள் கூழ். இரண்டு முகமும் வெள்ளையாக, கிழித்துப் பார்த்தால் உள்ளும் வெள்ளையாக இருக்க வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்தது பருத்திக் கைவினைத் தாள். பனியன் துணி வெட்டுகளைக் கூழாக்கிச் செய்வதால் அதில் லிக்னின் தொல்லை இல்லை. பருத்தி இழை நீளமானது, மடித்தாலும் சட்டென்று முறியாது. புதுச்சேரியில் ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தின் கைவினைக் காகிதப் பட்டறை 1959 முதல் இயங்குகிறது. அந்தப் பக்கம் போகிறவர்கள் தாளாகவே வாங்கி வரலாம். இந்தத் தொழிலோடு தமிழருக்கு இன்னொரு பந்தமும் உண்டு. 1934இல் காந்தி தொடங்கிய அகில இந்திய கிராமத் தொழில் சங்கத்தை வார்தாவிலிருந்து நடத்தியவர் தஞ்சாவூரில் பிறந்த ஜே. சி. குமரப்பா. அழிந்துகொண்டிருந்த கைக்காகிதத் தொழிலை அந்தச் சங்கம் தூக்கி நிறுத்தப் பாடுபட்டது. ஜெய்ப்பூர் அருகே சாங்கானேரில் உள்ள தேசியக் கைவினைக் காகித நிறுவனம் இன்றும் குமரப்பாவின் பெயரையே தாங்கியிருக்கிறது. ஒரு ஆல்பத்துக்குப் பதினைந்து இருபது தாள் வாங்குவதில் அந்த உழைப்புக்கும் ஒரு பங்கு போகிறது என்பது எனக்குப் பெரிய விஷயம்.

கைவினைத் தாளிலும் பார்த்து எடுக்க வேண்டும். பூவிதழ், வைக்கோல், வாழைநார் பதித்த தாள்கள் கண்ணைப் பறிக்கும். ஆனால் அந்த இதழும் தழையும் காலப்போக்கில் கறை விடும். மேலட்டைக்கு அவை அருமை. உள்பக்கத்துக்குச் சாதா வெள்ளையோ சந்தன நிறமோ எடுங்கள். சில தாளில் மை பரவும். கடையிலேயே ஓரத்தில் ஒரு புள்ளி வைத்துப் பார்க்கக் கேளுங்கள். 150 முதல் 200 ஜிஎஸ்எம் உள்பக்கத்துக்குப் போதும்.

எந்தத் தாள் என்று சந்தேகம் இருந்தால் ஒரு துண்டை வெட்டி, பாதியை அட்டையால் மூடி, வெயில் விழும் ஜன்னலில் ஒரு வாரம் வையுங்கள். மூடிய பாதிக்கும் திறந்த பாதிக்கும் நிறம் மாறியிருந்தால் அது ஆல்பத்துக்கு ஆகாது. சென்னைக்காரர்களுக்கு பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் சில்லறையாகவும் தாள் கிடைக்கும். ஐந்தாறு வகையில் ஒவ்வொன்று வாங்கி வந்து நவம்பரிலேயே இந்தச் சோதனையைச் செய்துவிடலாம்.

எந்தப் பசை

மைதாப் பசை காகிதத்துக்கு நல்ல பசை. வேண்டும்போது ஈரப்படுத்திக் கழற்றலாம் என்பது அதன் பெரிய குணம். ஆனால் மாவுப் பசை இராமபாணப் பூச்சிக்கும் கரப்பானுக்கும் விருந்து. அதனால்தான் பைண்டிங் கடையில் அதில் மயில்துத்தம் கலப்பார்கள். துத்தம் நஞ்சு, பிள்ளைகள் கைபடும் வீட்டு வேலையில் அதைச் சேர்க்கவே கூடாது. துத்தம் இல்லாத மைதாப் பசையோ நம் ஈரக் காற்றில் பூச்சியை அழைக்கும். ஆகவே உள்பக்கத்துக்கு நான் அதை விட்டுவிடுகிறேன்.

ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசை உறுதியானது, பூச்சி அண்டாது. இரண்டு குறை. தண்ணீர் அதிகம், தாள் நெளியும். காய்ந்த பிறகு கழற்ற முடியாது. அட்டையோடு துணி ஒட்ட, மேலட்டை செய்ய இதைவிட நல்லது இல்லை. தட்டையான தூரிகையால் மெல்லிதாகத் தடவி, கனமான புத்தகங்களின் அடியில் ஓர் இரவு வைத்தால் நெளிவு குறையும். படத்தின் பின்னால் மட்டும் தடவாதீர்கள்.

குச்சிப் பசை பிள்ளைகளுக்கு வசதி, தாள் நெளியாது, ஆனால் ஓரங்கள் சில வருடத்தில் எழும்பும். டிக்கெட், ரசீது, இலைப் படம் மாதிரி லேசானவற்றுக்குப் போதும். செல்லோடேப் எதற்கும் வேண்டாம். அதன் பசை மஞ்சளாகி, கசிந்து, தாளுக்குள் ஊறிக் கறையை விட்டுவிட்டு டேப் மட்டும் உதிர்ந்து விழும். பழைய நோட்டுப் புத்தகங்களில் எல்லாரும் பார்த்திருப்போம்.

படத்துக்கு மூலைதான். கடையில் கிடைக்காவிட்டால் வீட்டிலேயே செய்யலாம். இரண்டு சென்டிமீட்டர் அகலத்தில் மெல்லிய வெள்ளைத் தாளை நாலு சென்டிமீட்டர் நீளத்துக்கு வெட்டி, மேல் மூலை இரண்டையும் கீழ் விளிம்பின் நடுவில் சேருமாறு சாய்வாக மடித்தால் ஒரு முக்கோணப் பை வரும். அதன் பின்பக்கம் மட்டும் பசை. படத்தில் ஒரு துளி பசை படாது. நாளைக்கு யாராவது பிரதி எடுக்கக் கேட்டால் கழற்றிக் கொடுத்துவிட்டுத் திரும்பச் செருகலாம். பிள்ளைகள் இந்த மூலைகளை மடிப்பதில் ஆர்வமாக உட்கார்ந்துவிடுவார்கள், ஒரு மதியம் போவதே தெரியாது.

லேமினேஷன் செய்துவிடலாமே என்று சிலர் கேட்பார்கள். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கை இனி எடுக்க முடியாது. படத்தைப் பொறுத்தவரை திரும்பி வர முடியாத எந்த வேலையும் எனக்கு உடன்பாடில்லை.

எந்தக் கட்டு

ஜெராக்ஸ் கடையில் ஸ்பைரல் போடுவது சுலபம், பக்கம் தட்டையாக விரியும். படம் ஒட்டினால் தடிமன் ஏறும் என்பதால் தாள் கட்டுக்குத் தேவையானதைவிடப் பெரிய வளையம் போடச் சொல்ல வேண்டும். பிளாஸ்டிக் வளையம் சில வருடத்தில் இறுகி முறியும், அப்போது புதிது மாற்றிக்கொள்ளலாம். அவசரத்துக்கு இது பரவாயில்லை. ரிங் ஃபைலும் உறையும் இன்னொரு வழி. பக்கங்களை முன்பின் மாற்றலாம், சேர்க்கலாம். உறை பிவிசியா பாலிப்ரொப்பிலீனா என்று கேட்டு வாங்க வேண்டும். நெடி அடித்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பைண்டரிடம் கொடுத்துத் தைத்துக் கட்டினால் அழகு நிச்சயம். ஆனால் படம் ஒட்டும் முன்பே கட்டிவிடுவதால் ஒரு பக்கம் பாழானால் மாற்ற வழியில்லை.

பழைய கறுப்பு ஆல்பத்தின் கயிற்றுக் கட்டையே நான் சொல்வேன். இரண்டு கெட்டி அட்டை, நடுவில் தனித் தாள்கள், முதுகோரம் இரண்டு துளை, ஊடே ஒரு கயிறு. நம் ஓலைச்சுவடிகளும் மேலும் கீழும் சட்டம் வைத்து, துளையில் கயிறு கோத்துக் கட்டியவைதான். பசை இல்லை, இயந்திரம் இல்லை. கயிற்றை அவிழ்த்தால் எந்தத் தாளையும் எடுக்கலாம், அடுத்த வருடம் பத்துத் தாள் சேர்த்துக் கட்டலாம். ஒரே சிரமம், பக்கம் முழுசாக விரியாது. அதற்குத் துளையிலிருந்து ஓர் அங்குலம் தள்ளி ஒவ்வொரு தாளிலும் ரீஃபிலால் மடிப்புக் கோடு போட்டுவிட வேண்டும். இன்னொன்று, படம் ஒட்டியதும் ஆல்பம் முன்பக்கம் விசிறியாக உப்பும். ஒவ்வொரு தாளுக்கும் இடையே முதுகோரமாக அதே தாளில் ஓர் அங்குல அகலப் பட்டை ஒன்று வைத்துத் துளையிட்டுக் கோத்தால் உப்பல் அடங்கிவிடும். இந்தப் பட்டையை மறந்தால் மற்ற எல்லாம் சரியாகச் செய்தும் ஆல்பம் மூடாது.

அளவு? வெளிநாட்டு ஸ்க்ராப்புக் பன்னிரண்டு அங்குலச் சதுரம். அழகுதான், ஆனால் நம் பீரோத் தட்டில் பலருக்கு அடங்காது, ஏ4 தாளும் அதற்குப் போதாது. ஏ4 அளவே நம் வீட்டுக்குச் சௌகரியம். நாலுக்கு ஆறு அங்குலப் படம் இரண்டு வைத்தால் பாதிப் பக்கம், மீதிப் பாதி எழுதுவதற்கு. இன்னும் படங்களை நெருக்கலாம் என்று தோன்றும். நெருக்காதீர்கள். படத்தில் இருப்பவர் யார், எந்த ஊர், என்ன சாப்பிட்டோம், யார் கோபித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் என்பதெல்லாம் எழுத்தில்தான் தங்கும். பாட்டி கையெழுத்தில் நாலு வரி வாங்கி வைத்த பக்கத்துக்கு எந்த ஸ்டிக்கரும் ஈடில்லை.

உள்ளே என்ன வைப்பது

படங்களை லேபில் கொடுத்து எடுத்தால் நல்லது. வீட்டு இங்க்ஜெட் பிரிண்டரின் சாய மை நம் ஈரத்தில் கசியும், வெளிச்சத்தில் வெளுக்கும். போனில் இருக்கும் ஆயிரத்திலிருந்து முப்பது நாற்பது படம் தேர்ந்தெடுப்பதே பெரிய வேலை. அதைப் பிள்ளைகளிடம் விடுங்கள். நாம் தேர்ந்தெடுத்தால் எல்லாரும் சிரித்துக்கொண்டு நிற்கும் படங்களாகவே வரும். அவர்கள் எடுப்பது வேறாக இருக்கும்.

பஸ் டிக்கெட், பில், சினிமா டிக்கெட்டில் பல இப்போது வெப்பத்தாளில் அச்சாகிறவை. ஒன்றிரண்டு வருடத்தில் எழுத்து மறைந்து வெற்றுத் தாளாகிவிடும். அவற்றை ஜெராக்ஸ் எடுத்துப் பிரதியை ஒட்டுங்கள். ஜெராக்ஸின் கறுப்புத் தூள் எளிதில் வெளுக்காது. காய்ந்த இலை, பூ வைக்க ஆசைப்பட்டால் சிறு காகித உறைக்குள் வைத்து ஒட்டலாம். ஜிகினாத் தூளைப் படம் இருக்கும் பக்கத்தில் கொட்ட வேண்டாம். உதிர்ந்து படத்தின் மேல் உராய்ந்து கீறும்.

போனிலிருந்தே அனுப்பி அச்சிட்டு வரும் போட்டோபுக்கும் ஒரு வழிதான். ஒட்டும் வேலை இல்லை, நேர்த்தியாக இருக்கும், நேரமே இல்லாதவர்களுக்கு உதவும். ஆனால் அதில் தாத்தாவின் கடிதத்தைச் செருக முடியாது, பிள்ளையின் கோணல் எழுத்து இருக்காது. விடுமுறையில் சேர்ந்து உட்கார்ந்து செய்யும் வேலையைத் தேடுபவர்களுக்கு அது பதில் ஆகாது.

எந்த வீட்டுக்கு எது

பிள்ளை எட்டு வயதுக்குக் கீழே, விடுமுறை நான்கைந்து நாள்தான் கையில் என்றால் அட்டை. மூங்கில் கட்டத் தெரிந்த பெரியவர் ஒருவர் வீட்டில் இருந்து, நனையாத இடமும் இருந்தால் நட்சத்திரம். கட்டும் முறை அவர் கையிலிருந்து பிள்ளைக்கு இறங்க இதைவிட நல்ல வாய்ப்பு இல்லை. அந்த ஒரு காரணத்துக்காக ஆல்பத்தை அடுத்த வருடத்துக்குத் தள்ளவும் நான் சம்மதிப்பேன். மற்ற எல்லாருக்கும், குறிப்பாக இந்த வருடத்துப் படம் ஒன்றுகூட இன்னும் அச்சாகாத வீடுகளுக்கு, ஆல்பம். வெள்ளைப் பருத்தித் தாளோ நல்ல ஐவரியோ, படத்துக்கு மூலை, அட்டைக்கு வெள்ளைப் பசை, கயிற்றுக் கட்டு.

முடித்ததும் எங்கே வைப்பது என்பதும் பாதி வேலை. வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியின் அடித்தட்டு வேண்டாம், ஈரமும் கரையானும் அங்கேதான் முதலில் வரும். இரும்பு பீரோவின் நடுத்தட்டில், பருத்தித் துணியில் சுற்றிப் படுக்கவைத்து வையுங்கள். பிளாஸ்டிக் பையில் கட்டினால் ஈரம் உள்ளேயே தங்கிப் பூஞ்சை பிடிக்கும். தஞ்சை சரஸ்வதி மகால் நூலகத்தில் சுவடிகளுக்குப் பக்கத்தில் வசம்பு, கருஞ்சீரகம், இலவங்கப்பட்டை, மிளகு, கிராம்பு, கற்பூரம் பொடித்த சிறு துணி முடிச்சுகளை வைப்பார்கள். நாட்டு மருந்துக் கடையில் இவை எல்லாம் கிடைக்கும். அதேபோல ஒரு முடிச்சு கட்டி, ஆல்பத்தின் மேல் படாமல் அதே தட்டின் மூலையில் வைத்து, வாசனை போனதும் மாற்றிக்கொண்டே வாருங்கள்.